லாஞ்சர் இல்லாமல் கேம் ஓடவில்லையா: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

போன வருடம் என் கணினியை ஃபார்மட் செய்தேன். வாங்கிய கேம்கள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலாக இருக்கின்றன என்ற தைரியம். திரும்பப் போட்டுப் பார்த்தால் பதினொன்றில் நான்கில் சிக்கல். ஒன்றில் இன்ஸ்டாலரின் ஒரு பாகத்தைக் காணோம். ஒன்று ஏதோ டிஎல்எல் இல்லை என்றது. ஒன்று கடையின் லாஞ்சரை, அதாவது கேம்களை நிறுவித் திறக்கும் கடையின் செயலியை, திறந்து உள்நுழையச் சொன்னது. நான்காவது நன்றாகவே ஓடியது, ஆனால் என் தங்கை மூன்றாம் வருடம் வரை உழுது வளர்த்த பண்ணை அதில் இல்லை.

நான்கையும் சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தது. அப்போது கற்றதையும், அதன்பின் நண்பர்களின் கணினிகளில் பார்த்ததையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்த சிக்கலுக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது நகல்தானா?

டிஆர்எம் என்பது ஒரு பூட்டு. இதை நீங்கள்தான் வாங்கினீர்களா என்று கேம் கடையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் திறக்கும். அந்தப் பூட்டு இல்லாத கேமைக் கடையே மூடிப் போனாலும் ஆடலாம். போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி இந்த வகைக்குப் பெயர் பெற்ற கடை. இட்ச் தளத்தில் பெரும்பாலும் ஜிப் கோப்பாகவே கேம் கிடைக்கும். ஸ்டீமில் விற்பவற்றிலும் பூட்டில்லாதவை உண்டு, ஆனால் எது எது என்று கடைப் பக்கத்தில் எழுதியிருக்காது. பிசி கேமிங் விக்கியில் ஒவ்வொரு கேமுக்கும் தேடிப் பார்க்கலாம்.

2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பொத்தானில் எழுதும் டிஜிட்டல் கடைகள் அதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெட் இல்லாமலே பயன்படுத்தும்படி நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கு சொல்லும் பொருளைத்தான் நாம் கையில் வைத்திருக்க வேண்டும்.

வைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். லாஞ்சர் போடாத ஒரு கணினியை எடுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். நகலிலிருந்து கேமை நிறுவுங்கள். புது ஆட்டம் தொடங்கி, சேவ் செய்து, வெளியே வந்து, மறுபடி திறந்து அந்தச் சேவ் கோப்பை ஏற்றுங்கள். இவ்வளவும் நடந்தால் அது நகல். நடக்கும் வரை அதை வெறும் கோப்பு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் இந்தச் சோதனையின்போதே தலைகாட்டிவிடும். கேம் இன்னும் கடையில் இருக்கும்போது தலைகாட்டினால் நல்லது.

செட்டப் ஓடுகிறது, பாதியில் 'அடுத்த டிஸ்கைப் போடு' என்கிறது

ஜிஓஜியின் இன்ஸ்டாலர், சிறிய கேம் என்றால் ஒரே எக்ஸ்இ (.exe) கோப்பு. பெரிய கேம் என்றால் ஒரு எக்ஸ்இயும் அதன் பின்னால் 1, 2, 3 என்று எண்ணிட்ட 'பின்' (.bin) கோப்புகளும். எக்ஸ்இயை மட்டும் இறக்கிவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. லைப்ரரி பக்கத்தில் ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர் என்ற பகுதியில் எத்தனை வரி இருக்கிறதோ அத்தனையையும் இறக்க வேண்டும்.

எல்லாம் இருந்தும் கேட்கிறதா? பெயரைப் பாருங்கள். ஒரே கோப்பை இரண்டு முறை இறக்கியிருந்தால் பிரவுசர் இரண்டாவதன் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். முதலாவதை நீங்கள் அழித்திருப்பீர்கள், இரண்டாவது அந்த ஒட்டோடு நிற்கும். இன்ஸ்டாலர் தேடுவது துல்லியமான பெயரை. கடைசியில் ஒட்டிய அந்த இடைவெளியையும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1-ஐயும் மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். என் முதல் கேம் இப்படித்தான் நின்றது, 30 ஜிபி திரும்ப இறக்கப் போகும் நேரத்தில் கண்ணில் பட்டது.

இன்னொரு காரணம், எக்ஸ்இ ஒரு பதிப்பு, பின் கோப்புகள் இன்னொரு பதிப்பு. ஒரு பாதியை இன்றும் மறு பாதியைப் பத்து நாள் கழித்தும் இறக்கினால், நடுவில் அப்டேட் வந்து இரண்டும் ஒட்டாமல் போகும். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட எண்ணும் இருக்கும். ஒரே தொகுப்பில் எல்லாக் கோப்புகளிலும் அவை ஒன்றாக இருக்க வேண்டும். கேமோடு தனியாக விற்கும் கூடுதல் பகுதியான டிஎல்சிக்கும் இதே கதைதான்: அது தனி இன்ஸ்டாலர், மூலக் கேமை நிறுவிய பிறகு அதே பதிப்பு எண்ணுள்ளதை ஓட்ட வேண்டும்.

'கோப்பு சிதைந்திருக்கிறது' என்கிறது

இறக்கும்போது கரண்ட் போயிருக்கலாம், நெட் அறுந்திருக்கலாம். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். ஜிபி கணக்கில் பார்த்தால் பிடிபடாது, பைட் கணக்கில் பாருங்கள். கடைசிப் பாகம் தவிர மற்ற பின் கோப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் இளைத்திருந்தால் அதை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.

அளவு சரியாக இருந்தும் சிதைவு என்றால், எக்ஸ்இ கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பக்கம் போய் விவரத்தைத் திறந்து பாருங்கள். கையெழுத்து செல்லாது என்றால் கோப்பு கெட்டிருக்கிறது. முழுத் தொகுப்பையும் நிறுவாமலே சோதிக்க இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஜிஓஜி இன்ஸ்டாலர்கள் இன்னோ செட்டப்பில் கட்டியவை, ஆகவே அது அவற்றைப் பிரித்துப் படிக்கும். எதையும் டிஸ்கில் எழுதாமல் சரிபார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது.

சரியான கோப்பு கிடைத்ததும் அதன் கைரேகையை எடுத்து வையுங்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது கிளிக் மெனுவிலேயே ஷா-256 கணக்கிடும் வசதி வரும். அது தரும் நீளமான எண்ணை ஒரு உரைக் கோப்பில் ஒட்டி இன்ஸ்டாலருக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே கணக்கைப் போட்டு அதே எண் வந்தால் கோப்பில் ஒரு பிட்கூட மாறவில்லை என்று அர்த்தம்.

ஒரே கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் தருகிறதா? கோப்பைச் சந்தேகப்படாதீர்கள். ரேமிலோ, கேபிளிலோ, டிஸ்கிலோ கோளாறு.

வெளி டிஸ்கில் நகல் ஏறவில்லை, 'கோப்பு மிகப் பெரியது'

டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருக்கும், 6 ஜிபி கோப்பு ஏறாது. டிஸ்க் ஃபாட்32 முறையில் இருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. இட்சில் இறக்கிய பெரிய ஜிப் கோப்புகள் இங்கேதான் மாட்டும். டிஸ்கில் உள்ளதை வேறிடத்தில் ஒதுக்கிவிட்டு எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் எல்லாம் அழியும் என்பதால்தான் ஒதுக்கச் சொல்கிறேன்.

நகல் ஏறிவிட்டது, ஆனால் திறந்தால் எல்லாம் சிதைவு என்றால் அது போலிப் பென் டிரைவாக இருக்கக்கூடும். 32 ஜிபி சில்லை 1 டிபி என்று சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். விண்டோஸும் 1 டிபி என்றே காட்டும், நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் டிரைவை முழுதும் எழுதிப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே ஓட்டிவிடுங்கள்.

நீலப் பெட்டி வந்து தடுக்கிறது

கோப்பு நெட்டிலிருந்து வந்தது என்ற குறியை விண்டோஸ் அதன்மேல் ஒட்டி வைத்திருப்பதால் வருவது. கடையிலிருந்து நீங்களே இறக்கியதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் 'மோர் இன்ஃபோ'வை அழுத்தி ஓட்டலாம், அல்லது ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் பெட்டியில் டிக் செய்யலாம். ஜிப் என்றால் பிரிப்பதற்கு முன்பே டிக் செய்யுங்கள், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து நீங்கிவிடும். ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் எக்ஸ்இயை இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலான கேம்கள் ஓடாது, பக்கத்தில் இருக்க வேண்டிய கோப்புகள் அதற்குக் கிடைக்காது.

'டிஎல்எல் இல்லை' என்கிறது, அல்லது கிளிக் செய்தால் எதுவுமே நடக்கவில்லை

இன்ஸ்டாலரை வைக்காமல், நிறுவிய ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். கேம் ஓடத் தேவையான சில பொது நூலகங்கள் (டிஎல்எல் கோப்புகள்) கேமின் ஃபோல்டரில் இருப்பதில்லை, விண்டோஸுக்குள் தனியாக நிறுவப்படுகின்றன. இன்ஸ்டாலர் அவற்றையும் சத்தமில்லாமல் சேர்த்துப் போட்டுவிடும். ஃபோல்டரை மட்டும் தூக்கிவந்தால் அவை பழைய கணினியோடு நின்றுவிடும்.

பிழைச் செய்தியில் வரும் பெயரைப் பாருங்கள். எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பு வேண்டும். 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுங்கள். 64 பிட் விண்டோஸிலும் பழைய கேம்களுக்கு 32 பிட்தான் தேவைப்படும். டி3டிஎக்ஸ்9_43, எக்ஸ்இன்புட்1_3 என்று வந்தால் 2010 ஜூனில் வெளியான டைரக்ட்எக்ஸ் தொகுப்பு. விண்டோஸ் 11-இல் புதிய டைரக்ட்எக்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இந்தப் பழைய கோப்புகள் அதில் அடக்கம் இல்லை.

இந்த 2010 தொகுப்பில் ஒரு இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஓட்டியதும் எங்கே பிரித்து வைக்கட்டும் என்று கேட்கும். ஒரு புது ஃபோல்டரைக் காட்டினால் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கேப் கோப்புகளைக் கொட்டிவிட்டு ஜன்னல் மூடிக்கொள்ளும். நிறுவி முடிந்தது என்று தோன்றும். இல்லை, பிரித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஃபோல்டருக்குள் போய் டிஎக்ஸ்செட்டப் என்ற எக்ஸ்இயைத் தேடி ஓட்ட வேண்டும், அதுதான் நிறுவும். இந்த இரண்டு தொகுப்புகளையும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, கேம் நகல்களோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஒற்றை டிஎல்எல்லைத் தனியாகக் கொடுக்கும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பிழை எண் 7பி என்று முடிந்தால் 32 பிட் கேமிடம் 64 பிட் டிஎல்எல் மாட்டியிருக்கிறது, அல்லது மாறி நடந்திருக்கிறது. யாரோ கொடுத்த டிஎல்எல்லைக் கேம் ஃபோல்டரில் போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள்.

லாஞ்சர் திறக்கிறது, உள்நுழையச் சொல்கிறது

முதலில், நீங்கள் கிளிக் செய்வது கேமையா, கேமின் முன்வாசலையா என்று பாருங்கள். சைபர்பங்க் 2077-இன் குறுக்குவழி ரெட்லாஞ்சர் என்ற ஜன்னலைத் திறக்கும். கேமின் உண்மையான எக்ஸ்இ, 'பின்' (bin) ஃபோல்டருக்குள் எக்ஸ்64 ஃபோல்டரில் இருக்கிறது. அதற்கு ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டால் நேராகக் கேமுக்குள் போகலாம். விட்சர் 3-க்கும் இதே வழி.

எந்த எக்ஸ்இ என்று தெரியவில்லையா? ஜிஓஜியில் வாங்கியது என்றால் கேம் ஃபோல்டரில் கோக்கேம் (goggame) என்று தொடங்கி, ஒரு எண் வந்து, இன்ஃபோ என்று முடியும் சின்னக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். ப்ளே டாஸ்க்ஸ் என்ற பகுதியில், கேமைத் திறக்க எந்தக் கோப்பை எந்த அளவுருக்களோடு ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதையே குறுக்குவழியில் போட்டால் லாஞ்சர் செய்யும் வேலையை நீங்களே செய்தாயிற்று.

ஸ்டீமில் வாங்கியது என்றால், ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, ஸ்டீமாப்ஸில் காமன் ஃபோல்டருக்குள் இருக்கும் கேமின் எக்ஸ்இயை நேராக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீம் தானாக எழுந்து வந்தாலோ, அப்ளிகேஷன் லோட் எரர் என்று 5:0000065434 என்ற எண்ணோடு வந்தாலோ, அந்தக் கேம் ஸ்டீமை நம்பி நிற்கிறது. எந்த அமைப்பை மாற்றினாலும் பெரும்பாலும் நகலாகாது. உடைத்த எக்ஸ்இயைத் தேடிப் போகாதீர்கள். அதோடு என்ன ஏறி வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பூட்டில்லாத பதிப்பு வேறு கடையில் இருந்தால், விலை குறையும்போது அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். என் மூன்றாவது கேமுக்கு அதைத்தான் செய்தேன்.

இணையத்தில் சேர்ந்து ஆடுவது, சாதனைப் பட்டியல் போன்றவை பூட்டில்லாத கேமிலும் பெரும்பாலும் லாஞ்சர் இல்லாமல் வேலை செய்யாது. அது கோளாறு அல்ல.

கேம் ஓடுகிறது, ஆடியதெல்லாம் காணோம்

இது வலிக்கும் இடம். கேமை நகலெடுப்பது வேறு, நாம் ஆடியதை நகலெடுப்பது வேறு. இன்ஸ்டாலரில் உங்கள் சேவ் ஒருபோதும் இருக்காது. லாஞ்சர் கிளவுடில் வைத்திருந்தாலும் லாஞ்சரே இல்லாதபோது அது இறங்கி வராது.

தங்கை ஆடியது ஸ்டார்டியூ வேலி. அந்தக் கேமின் சேவ், நிறுவிய ஃபோல்டரில் இல்லை. விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், ரோமிங்கில், ஸ்டார்டியூவேலி என்ற ஃபோல்டரில் சேவ்ஸ் என்று இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் இருபுறமும் சதவீதக் குறியோடு தட்டினால் நேராக ரோமிங் திறக்கும். உள்ளே விவசாயியின் பெயரும் ஒரு எண்ணும் சேர்ந்த பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் அதே பெயரில் ஒரு கோப்பு, சேவ்கேம்இன்ஃபோ என்று இன்னொன்று, அப்புறம் இந்த இரண்டின் பெயரோடும் ஓல்ட் என்ற ஒட்டு சேர்ந்த முந்தைய நாளின் பிரதிகள். சேவ் கெட்டுவிட்டால் புதியவை இரண்டையும் வெளியே எடுத்துவைத்து, பழையவற்றின் பெயரிலிருந்து ஒட்டை நீக்கினால் ஒரு நாள் பின்னால் போய்த் தொடரலாம். பண்ணையை வேறு கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அந்த ஃபோல்டரை முழுதாக எடுத்துப்போக வேண்டும், ஒரு கோப்பை மட்டும் எடுத்தால் வராது.

எனக்கு இது ஃபார்மட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய மடிக்கணினியில் இரண்டாம் வருட இலையுதிர் காலத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. தங்கை அங்கிருந்து மறுபடி தொடங்கினாள்.

மற்ற கேம்கள் வேறு வேறு இடத்தில் வைக்கும். ஹாலோ நைட் போல யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்தவை பல, ஆப்டேட்டாவில் லோக்கல்லோ (LocalLow) ஃபோல்டருக்குள். விட்சர் 3, டாக்குமெண்ட்ஸில். சைபர்பங்க், சேவ்ட் கேம்ஸ் என்ற தனி ஃபோல்டரில். பழைய டாஸ் கேம்கள் நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும், ஆகவே அவற்றை அன்இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஃபோல்டரை நகலெடுங்கள். சில யூனிட்டி கேம்கள் அமைப்புகளை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் எழுதும், அதைத் தனியாக ஏற்றுமதி செய்தால்தான் வரும். இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது. லுடுசாவி என்ற திறமூல மென்பொருள் பிசி கேமிங் விக்கியின் தரவை வைத்துக்கொண்டு, உங்கள் கணினியில் எந்தெந்தக் கேமின் சேவ் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து ஒரே இடத்தில் நகலெடுத்துத் தரும். வாரம் ஒரு முறை ஓட்டுகிறேன்.

டாக்குமெண்ட்ஸில் போட்ட சேவ் கோப்பைக் கேம் காணவில்லை என்கிறதா? ஒன்டிரைவ் ஓடும் கணினியில் இரண்டு டாக்குமெண்ட்ஸ் இருக்கலாம், கேம் பார்ப்பது மற்றதை. கேமில் ஒரு புது சேவ் போட்டு, இப்போது எழுதப்பட்ட கோப்பு எங்கே விழுந்தது என்று நேரத்தை வைத்துத் தேடுங்கள். அங்கேதான் பழையதையும் போட வேண்டும்.

ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸ் போட்டவர்கள் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். பழைய ஆப்டேட்டா அதற்குள் இருக்கும். 10 நாளில் விண்டோஸ் அதை அழித்துவிடலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பயனர் பெயர் தமிழில், கேம் திறந்ததும் மூடுகிறது

விண்டோஸ் கணக்கைத் தமிழ்ப் பெயரில் தொடங்கினால் யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் வீட்டு ஃபோல்டரும் தமிழிலேயே அமையக்கூடும். நம் எழுத்தில் கணினி வைத்திருப்பது எனக்கும் பிடித்தமானது. ஆனால் யூனிகோடு தெரியாத காலத்தில் எழுதிய கேம்கள் அந்தப் பாதையைக் கேள்விக்குறிகளாகப் படித்து, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையே என்று விழுந்துவிடும். சேவ் ஆகாது, அமைப்புகள் நிற்காது, சில திறக்கவே திறக்காது. கணக்கின் காட்சிப் பெயரை மாற்றினால் பயனில்லை, ஃபோல்டரின் பெயர் முதலில் வைத்தபடியேதான் இருக்கும். ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி அதிலிருந்து அந்தக் கேமை ஓட்டுங்கள். கேமை நிறுவும் ஃபோல்டருக்கும் தமிழ்ப் பெயர் வேண்டாம்.

அமைப்புகளை மாற்றுகிறேன், அடுத்த முறை பழையபடி ஆகிவிடுகிறது

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவியிருப்பீர்கள். அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காது. சில சமயம் எழுதியதாகக் காட்டிவிட்டு ஆப்டேட்டாவில் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். சி டிரைவின் அடியிலேயே கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் நிறுவுங்கள்.

டாஸ் கேம் தலைதெறிக்க ஓடுகிறது, எலி சிக்கிக்கொள்கிறது

பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடுபவற்றுக்கு மட்டும். கன்ட்ரோலோடு எஃப்11 வேகத்தைக் குறைக்கும், எஃப்12 கூட்டும், எஃப்10 எலியை விடுவிக்கும். ஆல்ட்டும் என்டரும் சேர்த்தால் முழுத்திரை மாறும். பிடித்த வேகம் கிடைத்ததும் ஜன்னலின் தலைப்பில் தெரியும் சைக்கிள்ஸ் எண்ணைக் குறித்து, கேம் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃப் கோப்பில் எழுதிவிடுங்கள்.

இன்ஸ்டாலர் கடையிலேயே இப்போது இல்லை

கடையில் விற்பனை நிறுத்துவதும், வாங்கியவரின் லைப்ரரியிலிருந்து எடுப்பதும் வேறு வேறு. 2024 டிசம்பர் 13 அன்று ஜிஓஜியில் வார்கிராஃப்ட் 1, 2 விற்பனை நின்றது. முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து இறக்கிக்கொள்ளலாம் என்று கடை அறிவித்தது. ஆகவே கடைப் பக்கத்தில் தேடாதீர்கள், உள்நுழைந்து உங்கள் லைப்ரரியில் பாருங்கள். ஆனால் பழைய பதிப்பு வேண்டும் என்றால் அங்கேயும் கிடைக்காமல் போகலாம், புதியது வந்ததும் பழைய இன்ஸ்டாலர் பக்கத்திலிருந்து போய்விடுவது வழக்கம். புதிய பதிப்பில் போட்ட சேவ் பழையதில் பெரும்பாலும் திறக்காது. பிடித்த பதிப்பு ஒன்று இருந்தால் அதை அழிக்காமல், புதியதை அதன் பக்கத்திலேயே வேறு ஃபோல்டரில் வையுங்கள்.

அலமாரியில் இருக்கும் பழைய குறுவட்டு ஓடவில்லை

வட்டில் வந்த பல கேம்களுக்குச் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உண்டு. அதற்கான டிரைவர் விண்டோஸ் 10-இல் இல்லை, 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் பழைய விண்டோஸ்களிலும் அதை நிறுத்தியது. வட்டு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் ஓடாது. அதையும் விடப் பழைய, சுட்டிக் கிளிக் செய்யும் சாகசக் கேம்கள் என்றால் நம்பிக்கை உண்டு. வட்டிலிருக்கும் தரவுக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, ஸ்கம்விஎம் மென்பொருளில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அதற்குத் தெரிந்த கேம் என்றால் பெயரைச் சொல்லிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். வட்டின் எக்ஸ்இ தேவையே இல்லை.  வட்டு இன்னும் படிக்கும்போதே எடுத்து, மற்ற நகல்களோடு சேர்த்து, ஷா-256 எண்ணையும் குறித்து வைத்துவிடுங்கள்.